பருவமழைக்கு முன் பள்ளங்களைப் பாருங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர், பெருநகர சென்னை மாநகராட்சியின் ஆணையர் இருவருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலின் நாள். வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த சுமார் 50 அடிப் பள்ளத்தின் கரை சரிந்தது. விளிம்பில் இருந்த கன்டெய்னர் அலுவலகம் உள்ளே விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். நீரை இறைத்து உடல்களை மீட்க நான்கு நாட்கள் பிடித்தன. அந்த ஓர் இடத்தின் குற்றம் குறையை விசாரிப்பது எங்கள் வேலையல்ல. ஆனால் அதே வகைப் பள்ளங்கள் நகரெங்கும் இருக்கின்றன. கட்டுமானப் பொறியாளர்களும் மண் ஆய்வாளர்களுமான நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கட்டடத்துக்கு அனுமதி தரும்போது, அதற்காகத் தோண்டும் பள்ளத்துக்கும் தனியாக அனுமதி வைத்து, தனியாக ஆய்வு செய்யுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'பேஸ்மட்டம்' என்று கொத்தனார்கள் சொல்வது தரைக்கு மேல் எழும்பும் பகுதியை. நாங்கள் பேசுவது தரைக்குக் கீழே, கார் நிறுத்துவதற்காகக் கட்டும் தளத்தை. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பழைய தனி வீட்டை இடித்துவிட்டு அடுக்ககம் கட்டுகிறார்கள். கார் நிறுத்த ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தரைத்தளம்) போதாதபோது கீழே இறங்குகிறார்கள். பக்கத்து வீடோ நாலைந்து அடி ஆழ அஸ்திவாரத்தில் நிற்கிறது. புதிய பள்ளம் அதற்குக் கீழே இன்னும் 10, 15 அடி போகிறது.

ஆபத்தின் பெரும்பங்கு தண்ணீரில் இருக்கிறது. 6 மீட்டர் ஆழப் பள்ளத்தின் பக்கச் சுவரை உலர்ந்த மணல் நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 11 டன் விசையுடன் தள்ளும். அதே மணலில் தரைமட்டம் வரை நீர் ஏறிவிட்டால் அது 24 டன்னாகும். மண் மாறவில்லை, பள்ளம் மாறவில்லை. சுமை இரட்டிப்பைத் தாண்டிவிடுகிறது. ஆனால் சாயில் டெஸ்ட் அறிக்கையில் இருக்கும் நீர்மட்டம் பெரும்பாலும் மண்ணைச் சோதிக்கத் துளை (போர்) போட்ட அன்றைக்கு அளந்தது. மே மாதத்தில் 5 மீட்டரில் நின்ற நீர் நவம்பரில் 1 மீட்டருக்கு ஏறுவது பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் புதிதல்ல. வடிவமைப்பாளர் 5 மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால், சுவர் மே மாதத்துக்கு மட்டுமே பாதுகாப்பானது. அறிக்கையில் போர் போட்ட தேதி கட்டாயம் இருக்கட்டும். மழைக்கால உச்ச நீர்மட்டத்தை எவ்வளவு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் கையெழுத்துடன் கேளுங்கள்.

நீரை இறைப்பதில் இன்னொரு தவறு நடக்கிறது. பள்ளத்தின் மூலையில் ஒரு சம்ப் வெட்டி பம்பைப் போட்டுவிடுகிறார்கள். மணற்பகுதியில் அந்த நீருடன் நுண்மணலும் வெளியேறும். அந்த மணல் வருவது பக்கத்து வீட்டின் அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பம்பு நீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால், அடியில் படியும் மணலே சொல்லிவிடும். தினமும் படிந்தால் பம்பை அப்படியே ஓட்டக் கூடாது. வடிகட்டி பொருத்திய வெல்பாயின்ட் குழாய்களுக்கு மாற வேண்டும். அந்தச் சேற்று நீரை மழைநீர் வடிகாலில் விட்டால், மாநகராட்சி தூர் வாரிய கால்வாய் அடுத்த மழைக்கே அடைத்துக்கொள்ளும்.

களிமண் பகுதியில் கதை வேறு. அங்கே மணல் வெளியேறாது, ஆனால் நீர்மட்டம் இறங்கினால் மண் சுருங்கி அமுங்கும். ஒரு மீட்டர் இறங்கினால் கீழேயுள்ள களிமண்மேல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் பாரம் கூடும். மூன்று மீட்டர் இறக்கினால், பக்கத்து வீட்டின் மேல் யாரும் ஒரு செங்கல்லும் வைக்காமலேயே இரண்டு மாடி ஏற்றியதற்குச் சமம். வீடு முழுக்க ஒரே அளவில் அமுங்காது. பள்ளத்தை ஒட்டிய பக்கம் அதிகம் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் அதன் அடையாளம். "பழைய வீடு, ஏற்கெனவே இருந்த விரிசல்" என்று பில்டர் சொல்வார்; மறுக்க உரிமையாளரிடம் எந்த ஆதாரமும் இருக்காது. ஆகவே தோண்டும் முன்பே, பள்ளத்தின் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் இருக்கும் எல்லா வீடுகளையும் தேதியிட்ட படங்களுடன் பதிவு செய்து, ஒரு பிரதியை வீட்டுக்காரருக்கும் இன்னொன்றை உங்களுக்கும் தர வேண்டும். இருக்கும் விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்தால் போதும். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

தாங்கு சுவரிலும் விவரம் தேவை. செலவு குறையும் என்று பைல்களை (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்களை) ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். நீர்மட்டம் கீழே இருக்கும் கெட்டி மண்ணில் அது நிற்கும். நீருள்ள மணலில் அந்த இடைவெளி வழியே மண் ஒழுகும்; அங்கே ஒன்றோடொன்று கோத்த சீகன்ட் பைலோ, மண்ணுக்குள் இடைவெளியின்றிப் போடும் டயாஃப்ரம் கான்கிரீட் சுவரோதான் சரி. குறுக்கே ஸ்ட்ரட் தாங்கல் இல்லாமல் தனியே நிற்கும் பைல் என்றால், 6 மீட்டர் பள்ளத்துக்கு மணலில் ஏறத்தாழ இன்னொரு 6 மீட்டராவது கீழே இறங்கியிருக்க வேண்டும். இந்தக் கணக்கு பள்ளத்தின் பொது ஆழத்திலிருந்து போடப்படுகிறது. பிறகு லிஃப்ட் குழிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் சுவரை ஒட்டியே இன்னும் இரண்டு மீட்டர் தோண்டுகிறார்கள். மண்ணுக்குள் பைல் பிடித்திருக்கும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த இடத்தில் போய்விடுகிறது. கட்டட வரைபடத்தில் இந்தக் குழிகளைப் பார்க்காமல் ஷோரிங் (தாங்கு சுவர்) வரைபடத்தை ஏற்காதீர்கள்.

பள்ளத்தின் விளிம்பில் என்ன இருக்கிறது என்பதும் உயிர் பிரச்சினை. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது கட்டுமானப் பாதுகாப்பு விதி. இரண்டு கிரவுண்டு மனையில் அவ்வளவு இடமே இருக்காது. பகலில் லாரிக்குத் தடையுள்ள சாலைகளில் மண் இரவு வரை விளிம்பிலேயே குவிந்து கிடக்கும். அதே விளிம்பில் 25 டன் எடையுள்ள ரெடிமிக்ஸ் லாரி நிற்கும், தொழிலாளர்கள் தூங்கும் தகரக் கொட்டகையும் இருக்கும். இடமில்லாத மனையில் பகுதி பகுதியாகத் தோண்டச் சொல்லுங்கள். கொட்டகை வேறிடத்தில்தான் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கூடாது.

ராஃப்ட் (பள்ளத்தின் அடி முழுக்கப் போடும் கான்கிரீட் தளம்) போட்டதும் ஆபத்து முடிந்தது என்று பம்பை நிறுத்துவதும் நடக்கிறது. 4 மீட்டர் உயர நீர், ராஃப்டைச் சதுர மீட்டருக்கு 4 டன் விசையில் மேலே தூக்கும். அரை மீட்டர் கான்கிரீட்டின் எடையோ 1.25 டன். மேலே மூன்று, நான்கு மாடி எழும்பி அந்த எடை வரும் வரை பம்பு ஓட வேண்டும். மாற்றுப் பம்பும் டீசல் ஜெனரேட்டரும் தளத்தில் தயாராக இருக்க வேண்டும். புயல் நாளில்தான் மின்சாரம் நிற்கும்.

இதே நகரில் மெட்ரோ நிலையங்களுக்குத் தோண்டும்போது டயாஃப்ரம் சுவர் போடுகிறார்கள், சுற்றியுள்ள கட்டடங்களில் அளவுக் குறிகள் வைத்து நகர்வைத் தொடர்ந்து அளக்கிறார்கள். தனியார் பள்ளத்துக்கும் எளிய அளவில் அதைக் கேட்கலாம். சுவரின் தலையில் சில குறிகள், தினமும் ஒரு லெவல் அளவீடு. எத்தனை மில்லிமீட்டரில் எச்சரிக்கை, எத்தனையில் வேலை நிறுத்தம் என்பதை வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதித் தரட்டும். பதிவேடு தளத்திலேயே இருக்கட்டும். உங்கள் பொறியாளர் எப்போது வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

உடனே செய்யக் கூடியது இது. ஆண்டுதோறும் ஆகஸ்டுக்குள், 3 மீட்டருக்கு மேல் திறந்திருக்கும் எல்லாப் பள்ளங்களையும் மண்டல வாரியாகப் பட்டியலிடுங்கள். செப்டம்பர் 15 அன்று சுவர் முழுமையடையாத இடத்தில் மேற்கொண்டு ஆழப்படுத்தத் தடை விதியுங்கள். வழக்கிலோ பணமின்மையிலோ நின்றுபோன பள்ளங்களை மண்ணிட்டு மூட, அனுமதி தரும்போதே ஆழத்துக்கேற்ற வைப்புத்தொகை வாங்குங்கள். அக்டோபர் பிறப்பதற்குள் மூடாவிட்டால் அந்தத் தொகையில் மாநகராட்சியே மூடட்டும்.

ஆய்வுப் படிவத்தின் வரைவைத் தயாரித்துத் தரவும், மண்டலப் பொறியாளர்களுக்குத் தளத்திலேயே பயிற்சி தரவும் நாங்கள் தயார். அதற்குக் கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
சென்னையில் பணியாற்றும் கட்டுமான, மண் பொறியாளர்கள் சிலர்