வாடகையோடு ஒட்டி வரும் கரன்ட் பில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் இருபத்தைந்தாயிரம் சம்பளக்காரரின் பட்ஜெட் என்றதும் வாடகையை மட்டுமே பேசுகிறோம். சத்தமில்லாமல் கடிப்பது சப்-மீட்டர், அதாவது ஒரே மின் இணைப்பிலிருந்து ஒவ்வொரு போர்ஷனும் எவ்வளவு எடுக்கிறது என்று அளக்க உரிமையாளர் வைக்கும் தனி மீட்டர். வீட்டு உரிமையாளர்கள் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குவது சகஜமாகிவிட்டது.

2022 செப்டம்பர் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் தனி இணைப்புக்கு 225 ரூபாய்தான். முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டரில் அதே 200 யூனிட் 1,600 ரூபாய். 2024 உயர்வைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி பெரிதாகக் குறையாது.

'மூன்று போர்ஷனுக்கும் ஒரே இணைப்பு, ஸ்லாப் (யூனிட் கூடக்கூட விகிதம் உயரும் படி) ஏறிவிடுகிறது' என்பார்கள் உரிமையாளர்கள். உண்மைதான். 500 யூனிட் தாண்டினால் சலுகை விகிதம் போய்விடும். அப்படியும் மூன்று போர்ஷனும் சேர்ந்து ஓட்டும் 600 யூனிட்டுக்கு அதே 2022 கட்டணப்படி ஏறக்குறைய 2,750 ரூபாய்தான் வரும். வசூலாவதோ 4,800!

குடியேறும் முன்பே மின்வாரிய இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பில் தொகையை யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அட்வான்ஸ் பேசும்போதே இதையும் பேசுவது நல்லது, சாவி கைக்கு வந்தபின் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

மீட்டரையும் சோதியுங்கள். உங்கள் வீட்டு மெயினை அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு துடித்தால், மாடிப்படி விளக்கோ தண்ணீர் மோட்டாரோ உங்கள் கணக்கில் ஓடுகிறது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1,500 வாட் ஹீட்டர் கம்பியை வாளித் தண்ணீரில் 20 நிமிடம் போட்டால் அரை யூனிட் ஏற வேண்டும். முக்கால் ஏறினால் மீட்டரை மாற்றச் சொல்லுங்கள்.

– வாடகைதாரர் ஒருவர், வேளச்சேரி, சென்னை