பேயை முதலிலேயே காட்டிவிட்டால் கதைக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாக வாசகர்கள் எழுதும் திகில் கதைகள் வருகின்றன. புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருப்பது நல்ல காரியம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தக் கதைகளை நீங்கள் அச்சிடும் விதம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதிலும் போன ஞாயிறு வந்த ரைஸ் மில் கதையைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மில்லில் இரவுக் காவலுக்கு ஒரு பெரியவர். நடு ராத்திரி சுற்றி வரும்போது, நெல் காயப்போடும் களத்தில் டார்ச் அடிக்கிறார். ஈரக் காலடிகள் தெரிகின்றன. களத்தின் நட்டநடுவில் தொடங்கி, நெல் ஊறப்போடும் தொட்டியை நோக்கிப் போகின்றன. களத்தின் நடுவுக்கு அந்தக் கால்கள் எப்படி வந்தன என்பதற்குத் தடமே இல்லை. தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்பே கால் எப்படி நனைந்தது என்பதும் தெரியவில்லை. எழுத ஆரம்பித்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இப்படி ஓர் இடம் தோன்றியிருப்பது சாதாரண விஷயமில்லை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? கதைக்கு மேலே கால் பக்கத்துக்கு ஒரு படம். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கண்ணில் ரத்தம், தொட்டியிலிருந்து எழுந்து வருகிற பெண். படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், ‘தொட்டிக்குள் இருந்தவள் யார்?’ காவலாளி டார்ச் அடிப்பதற்கு முன்பே எங்களுக்கு எல்லாம் காட்டியாகிவிட்டது. அப்புறம் அந்த ஈரக் காலடிகளை யார் பார்க்கப் போகிறார்கள்?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். கும்பகோணத்தில் நானும் என் கணவரும் பல வருடங்கள் வாடகை நூல் நிலையம் நடத்தினோம். வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளை வாரா வாரம் பிரித்தெடுத்து, முடிந்ததும் சேர்த்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டி, முதுகில் பெயர் எழுதி வாடகைக்கு விடுவோம். தைப்பதும் ஒட்டுவதும் என் வேலை. மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்பதிலிருந்து, எந்தக் கதையை எத்தனை பேர் இரண்டாம் முறை கேட்டு வருவார்கள் என்பது வரை அந்த மேஜையில்தான் கற்றுக்கொண்டேன்.

தொடராக வந்தபோது ஊரே பேசிய சில திகில் கதைகள், பைண்டு செய்து கொடுத்ததும் திரும்பி வந்துவிடும். ‘என்னம்மா, சப்பென்று இருக்கிறது’ என்பார்கள். காரணம் தைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஓர் அத்தியாயம், இருட்டில் கதாநாயகியின் தோளில் ஒரு கை விழுவதோடு முடியும். தொடரும். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியில் அது அவள் சித்தப்பாவின் கை. அடுத்த வாரம் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கண்கள். தொடரும். பக்கத்தைத் திருப்பினால் பூனை. நடுவில் ஏழு நாள் இடைவெளி இருந்தவரை அது ஓடியது. இடைவெளியை எடுத்துவிட்டால், ஆசிரியர் நம்மை ஏமாற்றிய இடங்கள் வரிசையாகத் தெரியும். இரண்டு முறை ஏமாந்த வாசகர் மூன்றாவது கைக்குப் பயப்பட மாட்டார், அது நிஜமாகவே பேயின் கையாக இருந்தாலும்.

இன்னொன்றும் அங்கே கவனித்தேன். துப்பறியும் நாவல்களில் யாராவது முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்துவிடுவார்கள். நான் ரப்பரால் அழிப்பேன், மறுபடி எழுதுவார்கள். பெயர் தெரிந்தபின் அந்தப் புத்தகத்தை எடுக்க ஆள் இருக்காது. நல்ல பேய்க்கதைக்கு இந்தக் கதி வருவதில்லை. முடிவு தெரிந்தவர்களே திரும்ப எடுத்துப் போவார்கள், ராத்திரியில் படிக்க வேண்டாம் என்று அடுத்தவருக்கு எச்சரிக்கையும் செய்வார்கள். வரப்போகிறது என்பது தெரிந்துவிட்டால் பயம் குறைவதில்லை, கூடுகிறது. ஆனால் வருவது எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியக்கூடாது. திகில் கதை எழுதுகிறவர் காப்பாற்ற வேண்டியது இந்த இரண்டையும்தான். உங்கள் பக்கத்தில் இது தலைகீழாகி விடுகிறது. வரப்போவதை எழுத்தில் கடைசிப் பத்தி வரை மறைக்கிறீர்கள்; அதன் முகத்தை மட்டும் படத்தில் முதலிலேயே காட்டிவிடுகிறீர்கள்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் ‘குரங்குப் பாதம்’ கதையை உங்கள் வாசகர்களில் பலர் ஆங்கிலப் பாடத்தில் படித்திருப்பார்கள். 1902இல் வெளிவந்தது. நான் சொல்ல வருவது முழுவதும் அந்த ஒரு கதையில் இருக்கிறது. மழை இரவு, அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள், அம்மா கணப்பருகே பின்னல் வேலையில் இருக்கிறாள். இந்தியாவில் 21 வருடம் பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒருவர் விருந்தாளியாக வருகிறார். ஒரு பக்கிரி மந்திரித்த குரங்குப் பாதம் அவரிடம் இருக்கிறது. மூன்று பேருக்கு மும்மூன்று வரம் தரும். அவருக்கு முன்னால் வைத்திருந்தவன் முதல் இரண்டு வரமாக என்ன கேட்டான் என்று தெரியாது, மூன்றாவதாகச் சாவைக் கேட்டான் என்கிறார். அவ்வளவுதான், நமக்கு எல்லாம் சொல்லியாயிற்று. இந்தப் பொருள் கெடுதல் செய்யும் என்று வாசகருக்குத் தெரியும், அந்தக் குடும்பத்துக்குத்தான் உறைக்கவில்லை. வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு பணம் கேட்கிறார்கள்.

மறுநாள் புதுத் தொப்பி போட்ட ஓர் ஆள் அவர்கள் வாசல் கேட்டருகே வருகிறான், நிற்கிறான், தாண்டிப் போகிறான். மூன்று முறை இப்படி. நாலாவது முறைதான் கேட்டைத் திறக்கிறான். ஜன்னல் வழியே பார்க்கும் அந்த அம்மாளுக்குப் பணம் வருகிறதோ என்ற நினைப்பு. படிக்கிற நமக்கு வயிற்றைப் பிசைகிறது. தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி மகன் இறந்துவிட்டான், நஷ்டஈடு 200 பவுண்டு என்று சொல்லத்தான் அந்த ஆள் வந்திருக்கிறான். ஒரு மனிதன் கேட்டைத் திறக்கத் தயங்குவதை மட்டும் எழுதி இவ்வளவு பயத்தை உண்டாக்கிய எழுத்து எனக்குத் தெரிந்து குறைவு. அங்கே இருட்டும் இல்லை, அலறலும் இல்லை.

பத்து நாள் கழித்து, மகனை உயிரோடு கேளுங்கள் என்று தாய் மன்றாடுகிறாள். உடலை நேரில் பார்த்த தகப்பன், உடையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன் என்கிறார். உடல் எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இதற்கு மேல் இல்லை. கேட்கிறார்கள். எதுவும் நடக்கவில்லை. கிழவர் நிம்மதியாகிப் படுக்கைக்குப் போகிறார். கொஞ்ச நேரத்தில் மெழுகுவத்தி எடுக்க இறங்கும்போது கதவு தட்டப்படுகிறது. மெதுவாக, காதில் விழுவதும் விழாததுமாக. வரம் ஏன் உடனே பலிக்கவில்லை என்பது அப்போதுதான் அந்தத் தாய்க்குப் புரிகிறது. இடுகாடு இரண்டு மைல் தூரத்தில் இருக்கிறது. அவன் நடந்து வந்திருக்கிறான்!

அவள் கீழே ஓடுகிறாள். அடித்தாழ்ப்பாளை இழுத்துவிடுகிறாள், மேல்தாழ்ப்பாள் எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் மாடிக்குக் கேட்கிறது. கிழவர் இருட்டில் தரையைத் தடவிக் குரங்குப் பாதத்தைத் தேடுகிறார். தட்டுகிற சத்தம் வலுக்கிறது. தாழ்ப்பாள் நகர்கிறது. அவர் கையில் பாதம் கிடைத்து மூன்றாவது வரத்தைக் கேட்டதும் தட்டுவது நிற்கிறது. கதவு திறந்தபோது தெரு காலியாக இருக்கிறது. வெளியே நின்றதை நாம் ஒருபோதும் பார்ப்பதில்லை. இந்தக் கதை உங்கள் இணைப்பில் வந்தால், வாசலில் சிதைந்த முகத்தோடு நிற்கும் மகனை உங்கள் ஓவியர் மேலே வரைந்துவிடுவார் என்பதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

ஆங்கிலக் கதைதான் வேண்டும் என்று இல்லை. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில், பிச்சை கேட்டு வந்தவள் ஒரு வீட்டில் வேலைக்காரியாகிறாள். அவ்வளவுதான் வெளியே தெரிவது. ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும் கதைசொல்லிக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. அவள் யார், நடந்தது எது, பிரமை எது என்று ஆசிரியர் கடைசி வரை தீர்ப்புச் சொல்லவே இல்லை. அதனால்தான் அந்தக் கதை முடிந்த பிறகும் விடுவதில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. ரைஸ் மில் கதையை எழுதிய பெண் சிறு வயதில் எங்கள் நூல் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தவள். உங்களுக்கு அனுப்புவதற்கு முன் கதையை என்னிடம் படிக்கக் கொடுத்தாள். (இந்தக் கடிதத்தை அவள் கேட்டு நான் எழுதவில்லை.) அச்சில் வந்ததில் முதல் மூன்று பத்திகள் இல்லை. இடம் போதவில்லை என்று வெட்டியிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் எதை வெட்டினீர்கள் தெரியுமா? காவலாளி தூக்குவாளியைத் திறந்து மோர்சாதமும் வடுமாங்காயும் சாப்பிடுகிறார். பேத்திக்கு மறுநாள் காதுகுத்து. முதலாளி காலையில் வந்ததும் முன்பணம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.

‘கதை இன்னும் ஆரம்பிக்கவில்லையே’ என்று நினைத்து இதை நீக்கியிருப்பீர்கள். கதை அங்கேதான் இருந்தது. முன்பணம் வேண்டும், ஆகவே அன்றிரவு அவரால் வேலையை விட்டு ஓட முடியாது. அது இல்லாததால், காலடியைப் பார்த்ததும் ‘கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போக வேண்டியதுதானே, ஏன் தொட்டிப் பக்கம் போகிறார்?’ என்று என் பேரனே கேட்டான். நியாயமான கேள்வி. ஜேக்கப்ஸ் கதையில் வீட்டுக் கடன் என்ன வேலை செய்கிறதோ, அதைத்தான் இந்தக் கதையில் காதுகுத்துச் செலவு செய்கிறது. ஓட முடியாத காரணம் இருக்கிற மனிதருக்காகத்தான் நாம் பயப்படுகிறோம்.

பேய்க்கதைகளில் பெயர் பெற்ற எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் இருந்தவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை உட்கார வைத்துத் தன் கதைகளை வாசித்துக் காட்டுவார். அவர் 1924இல் எழுதிய ஒரு முன்னுரையில் சொல்வது இதுதான்: முதலில் ஆட்களை அவர்கள் அன்றாட வேலையில், எந்தக் கவலையும் இல்லாமல் காட்டுங்கள், அந்த அமைதிக்குள் கெட்டது மெல்லத் தலையை நீட்டட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதுவே மேடையைப் பிடித்துக்கொள்ளட்டும். மோர்சாதத்தை வெட்டிவிட்டால் கெட்டது தலை நீட்டுவதற்கு இடமே இல்லை.

வேகம் வேண்டும் என்று நீங்கள் நினைப்பதும் எனக்குத் தெரிகிறது. பயத்துக்கு வேகம் உதவாது. எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய ஒரு கதையில், கொலை செய்யப் போகிறவன் கிழவரின் அறைக்குள் தலையை நுழைப்பதற்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறான். கட்டைவிரல் விளக்கில் வழுக்கிச் சின்னச் சத்தம் கேட்டதும் கிழவர் எழுந்து உட்காருகிறார். இவன் அசையாமல் நிற்கிறான், அவரும் படுக்காமல் இருட்டைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ஒன்றுமே நடக்காத அந்த நேரம்தான் கதையில் தாங்க முடியாத இடம். ‘டிராகுலா’வில் கப்பல் வரும் பகுதியும் அப்படித்தான். மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவதைக் கப்பல் தலைவர் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வருகிறார். அவருக்குக் காரணம் தெரியாது. கப்பலில் ஏற்றியிருக்கும் பெட்டிகளில் ஒன்றில் ரத்தம் குடிக்கும் டிராகுலா இருக்கிறான் என்பது நமக்குத் தெரியும்.

எனவே சில வேண்டுகோள்கள். படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் ஓவியரின் கோடு அழகானது. இடத்தை வரையச் சொல்லுங்கள். களம், தொட்டி, டார்ச் வெளிச்ச வட்டம், அதற்குள் பாதி காலடி. பேயை விட்டுவிடுங்கள். அந்தச் சிவப்பு எழுத்துக் கேள்வியை எடுத்துவிட்டால் மூன்று பத்திகளில் ஒன்றுக்காவது இடம் கிடைக்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ‘உடல் நடுங்கியது’, ‘இதயம் நின்றுவிடும் போலிருந்தது’ போன்ற வரிகளை வெட்டுங்கள். காவலாளி பயந்தார் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, டார்ச்சின் சுவிட்சைக் கட்டைவிரல் தேடுவதே போதும். எழுதியவரிடம் ஒரு போன் செய்து கேட்டு வெட்டினால் இன்னும் நல்லது, எது கதையின் முதுகெலும்பு என்று அவர் சொல்லிவிடுவார்.

அந்த ரைஸ் மில் கதையை முதல் மூன்று பத்திகளோடு, உங்கள் இணையப் பதிப்பிலாவது முழுமையாக ஒரு முறை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கைப்பிரதி உங்களிடம் இல்லாவிட்டால் என்னிடம் நகல் இருக்கிறது, தபாலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்.