சூரியத் துகள்கள் வழியிலும் வேகம் பெறுகின்றன

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில் சூரிய வெடிப்பைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். வெடித்த கணத்தில் சூரியன் வீசியெறியும் துகள்கள் இரண்டு மூன்று நாள்களில் பூமியை வந்தடைகின்றன என்று அதில் எழுதியிருந்தது. வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும் மூன்றை அந்த வாக்கியம் ஒன்றாக்கிவிட்டது என்பதே என் குறை.

வெடிப்பின் எக்ஸ் கதிர்கள் எட்டே கால் நிமிடத்தில் வந்துவிடுகின்றன. காந்தப்புலத்தைச் சுமந்துவரும் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) மேகத்துக்குத்தான் நாள்கணக்கு ஆகும். இடையில், ஒளி வேகத்தில் பாதியைத் தொட்டும் தாண்டியும் பாயும் புரோட்டான்கள் அரை மணி, ஒரு மணிக்குள் வரத் தொடங்கிவிடுகின்றன.

இந்தப் புரோட்டான்களுக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது? வெடிப்பு நிகழும் இடத்தில் காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் பிணையும்போது எலெக்ட்ரான்களும் சில அயனிகளும் முடுக்கம் பெறுவது உண்மைதான். ஆனால் அவ்வகைத் துகள் பாய்ச்சல் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நாள்கணக்கில் நீடிக்கும் பெரும் பாய்ச்சல்களுக்குக் காரணம், நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் விரையும் அந்த மேகம் தனக்கு முன்னே எழுப்பும் அதிர்ச்சி அலை. அலையின் இருபுறமும் உள்ள காந்தக் கொந்தளிப்பில் மோதி மோதித் திரும்பும் புரோட்டான், அலையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது ஆற்றலைக் கூட்டிக்கொள்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரண்டு சிறுவர்கள் மட்டையோடு ஒருவரையொருவர் நெருங்கிக்கொண்டே பந்தை அடித்தால் அடிக்கு அடி பந்தின் வேகம் கூடுமே, அதைப் போல. விண்வெளியிலிருந்து வரும் வேகத் துகள்களான காஸ்மிக் கதிர்களை விளக்க இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி 1949-இல் முன்வைத்த கருத்தின் வழிவந்தது இது. அதிர்ச்சி அலைக்கு அது பொருத்தப்பட்டது 1970-களின் பிற்பகுதியில்.

கட்டுரையோடு வந்த படத்திலும் ஒரு பிழை. சூரியன் சுழல்வதால் அதன் காந்தக் கோடுகள் சுருள் போல வளைந்திருக்கின்றன. துகள்கள் அவற்றைப் பற்றியே வருவதால், சூரிய முகத்தின் மேற்குப் பக்க வெடிப்புகளே நமக்கு எளிதில் துகள்களை அனுப்புகின்றன. படத்தில் நேர்க்கோட்டு அம்பு இருக்கிறது.

சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலம் எச்சரிக்கை தரும் என்று கட்டுரை சொல்வதும் பாதிதான் சரி. புயல் கூண்டு ஏற்றியதும் படகுகளைக் கரையேற்றிப் பழகிய கடலூர்க்காரர்களுக்கு எச்சரிக்கை என்றால் அவகாசம் என்று பொருள். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் அந்த விண்கலத்தைத் தாண்டிய பின், நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம் நம்மை எட்ட 50 நிமிடம் ஆகும். ஒளியின் பாதி வேகத்தில் வரும் புரோட்டானுக்கோ 10 நொடி போதும். அதற்கான முன்னறிவிப்பை எக்ஸ் கதிர்களிலும், முந்திவரும் எலெக்ட்ரான்களிலும்தான் தேட வேண்டும்.

அடுத்த இதழில் படத்தையாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.