நான்கு மூலையிலும் கணப்பு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம். முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய். நாற்பது வருஷம் தறிக்குழியில் மிதித்த கால் வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படி. உனக்கென்றே சேர்த்து வைத்த விஷயங்கள் இதில் இருக்கின்றன.

பிரான்ஸ் என்றதும் நான் பாரிஸில் ஈஃபில் கோபுரத்தடியில் நிற்பதாக நீ நினைத்திருப்பாய். மகள் இருப்பது தெற்கே, அர்தெஷ் மாவட்டத்தில், மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிற்றூரில். மொத்தம் இருநூறு பேர்கூட இல்லை. அதற்கும் ஒரு மேயர், ஒரு மன்றம், கொடி பறக்கும் ஓர் அலுவலகம். நாடு முழுக்க இப்படி ஏறத்தாழ 35,000 ஊர்கள் இருக்கின்றனவாம். எங்கள் மேயரம்மா டிராக்டரில் போகும்போது எனக்குக் கை காட்டுகிறார்.

வந்த புதிதில் ரொட்டிக் கடையில் நுழைந்து, விரலை நீட்டி ஒரு ரொட்டி கேட்டேன். கடைக்கார அம்மா ரொட்டியை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்து நிறுத்தி நிதானமாக "போன்ழூர்" என்றார். நானும் திருப்பிச் சொன்ன பிறகுதான் ரொட்டி வந்தது. வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்பது இங்கே செருப்போடு பூஜையறையில் நுழைவது மாதிரி. அப்புறம், பன்னிரண்டு மணி அடித்தால் கடைகளில் பாதி மூடிவிடும். இரண்டு மணிவரை சாப்பாடு. அந்த நேரத்தில் ஒரு ஆணி வாங்கக்கூட வழியில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது நானும் பன்னிரண்டுக்கு உட்கார்ந்துவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகள் வாங்கியிருப்பது பழைய கல் வீடு. மாடியில் நீளமாக ஒரே கூடம். அதன் நான்கு மூலையிலும் சுவரில் கரி படிந்த கணப்புகள். ஒரு கூடத்துக்கு எதற்கு நான்கு கணப்பு? மருமகனுக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அது மனுஷருக்கு இல்லை, புழுவுக்கு" என்றாராம்.

பட்டுப்புழு, மாப்பிள்ளை. இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்த ஊர்கள். வசந்தத்தின் குளிர் புழுவுக்கு ஆகாது என்பதால் நான்கு மூலையிலும் தீ. முட்டை பொரியக் கதகதப்பு வேண்டுமே, அதற்குப் பெண்கள் முட்டைகளைச் சின்னத் துணிப்பையில் கட்டி மார்போடு வைத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார்கள். வெறும் 25 கிராம் முட்டையிலிருந்து வரும் புழுக்கள் கூடு கட்டுவதற்குள் ஒரு டன்னுக்கு மேல் மல்பெரி இலை தின்றுவிடும். கடைசி வாரத்தில் அவை இலையைக் கடிக்கும் சத்தம் ஓட்டுக் கூரையில் மழை பெய்வது போலிருக்கும் என்று பாட்டியின் பாட்டி சொல்வாராம். நம் பக்கத்தில் கூடு கட்ட மூங்கில் சந்திரிகை வைப்பார்களே, இங்கே காட்டுப் புதர்ச் சுள்ளிகளை நட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்துக்காரர் ஒலிவியே த செர் என்பவர், விவசாயம் பற்றி 1600-ல் புத்தகம் எழுதியவர், மல்பெரி நடும்படி ராஜா நான்காம் ஹென்றிக்கே யோசனை சொன்னவர். ஆனாலும் மலைக்காரர்கள் பெருவாரியாக நடத் தொடங்கியது 1709-ல் அடித்த கடும் பனிக்குப் பிறகு. அந்தக் குளிரில் அவர்கள் சோறு போல நம்பியிருந்த செஸ்ட்நட் மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. அந்த இடத்தில் மல்பெரி வந்தது. 'தங்க மரம்' என்றே அதற்குப் பெயர்.

இந்தப் பட்டெல்லாம் எங்கே போனது? லியோனுக்கு. போன மாதம் பேருந்தில் மலையிறங்கி, வலான்ஸில் ரயில் பிடித்து மகளோடு அங்கே போய்வந்தேன். ரோன், சோன் இரண்டு ஆறும் கூடுமிடத்தில் ரோமானியர்கள் கி.மு. 43-ல் உண்டாக்கிய நகரம். இரண்டு குன்று. ஒன்று தேவாலயத்தின் குன்று, அதை 'ஜெபிக்கும் குன்று' என்பார்கள். இன்னொன்று க்ருவா ரூஸ், 'உழைக்கும் குன்று'. நான் உழைக்கும் குன்றில்தான் பொழுதைக் கழித்தேன். ஜெபத்தை மகள் பார்த்துக்கொண்டாள்.

அங்கே ஒரு சதுக்கத்தில் சிலையாக நிற்பவர் யார் தெரியுமா? ஜக்கார்டு! உன் தறி மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குப் பெயர் கொடுத்த மனிதர். ஜக்கார்டு என்றால் ஏதோ மெஷினின் பெயர் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர் இந்த ஊரில் 1752-ல் பிறந்த நெசவாளி மகன். அட்டையில் ஓட்டை போட்டு, எந்த இழை தூக்க வேண்டும் என்பதை அந்த ஓட்டையே சொல்லும்படி 1804 வாக்கில் செய்து காட்டினார். அதுவரை தறிக்குப் பக்கத்தில் நின்று கயிறு இழுத்த பிள்ளைகளுக்கு வேலை போயிற்று. நாம் சின்ன வயதில் உங்கள் அப்பா கழித்துப் போட்ட அட்டைகளைக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்ப்போமே, அந்த ஓட்டைகள் இங்கிருந்து புறப்பட்டு வந்தவை.

ஜக்கார்டுப் பெட்டி வைத்தால் தறி உயரமாகிவிடும் அல்லவா? அதனால் இந்தக் குன்றில் கட்டிய வீடுகளுக்கெல்லாம் நான்கு மீட்டர் உயரக் கூரை, வெளிச்சத்துக்கு நெடிய ஜன்னல்கள். கீழே தறி, ஓரத்தில் பரண் போட்டுப் படுக்கை. வீட்டுக்கு வீடு ஊடே புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் சந்துகள் உண்டு, 'த்ராபூல்' என்பார்கள். நெய்த பட்டுத்துணியை மழையில் நனையாமல் கொண்டுபோக அவை உதவின. பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்களிடமிருந்து தப்பியவர்களுக்கும் உதவின. தறிச் சத்தத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிஸ்தான்க்ளாக்'. வாய்விட்டுச் சொல்லிப் பார், நம் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் காதில் கேட்கும்.

இந்த நெசவாளிகளுக்குக் 'கனூ' என்று பெயர். அவர்கள் கதையை நான் உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. தறி இவர்களுடையது, வீடு இவர்கள் இருப்பது, நூல் மட்டும் முதலாளியுடையது. நெய்து கொடுத்தால் கூலி. 1831 அக்டோபரில் பேச்சுவார்த்தை நடத்திக் குறைந்தபட்சக் கூலி ஒன்றை முடிவு செய்தார்கள். முதலாளிகளில் சிலர் கொடுக்க மறுத்தார்கள். நவம்பரில் கனூக்கள் கறுப்புக் கொடியோடு குன்றிலிருந்து இறங்கினார்கள். "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்" என்பது முழக்கம். சில நாள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. கொள்ளையடிக்கவில்லை, காவல் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். டிசம்பரில் பட்டாளம் வந்தது, கூலி ஒப்பந்தம் ரத்து. 1834-ல் மறுபடி எழுந்தபோது ரத்தம் ஓடியது. ஜக்கார்டு செத்ததும் அதே வருஷம்.

மதியம் சாப்பிட்டது 'கனூவின் மூளை'. பயப்படாதே, வெங்காயமும் பூண்டும் கீரைத் தழையும் போட்ட மிருதுவான பாலாடைக்கட்டிதான். கொஞ்சம் உப்புப் போட்டால் நம் தயிர்ப்பச்சடிக்கு அண்ணன்.

ரயிலில் திரும்பும்போது ஒரு கேள்வி அரித்தது. நகரத்தில் தறி ஓடிக்கொண்டிருக்க, மலையில் மட்டும் ஏன் கணப்பு அணைந்தது? 1853-ல் இந்த நாட்டில் 26,000 டன் பட்டுக்கூடு விளைந்திருக்கிறது. அதை அடுத்துப் புழு மேல் மிளகுப் பொடி தூவியது போலப் புள்ளிகள் வந்து கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. அதுதான் பெப்ரின் என்ற நோய். 1865-ல் விஞ்ஞானி லூயி பாஸ்டரை இந்தப் பக்கம் அனுப்பினார்கள், அதற்கு முன் அவர் பட்டுப்புழுவைத் தொட்டுப் பார்த்தவரில்லை. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நோயிருந்தால் அந்த முட்டைகளை அழிக்க வழி சொன்னார். நம் நாட்டில் முட்டை தயாரிக்கும் இடங்களில் இன்றும் தாய்ப்பூச்சியைச் சோதிக்கிறார்கள். மலைக்காரர்களுக்கு மட்டும் மருந்து தாமதம். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பட்டு மலிவாக வந்து இறங்கியது. லியோனுக்கு நூல்தானே வேண்டும், அது எந்த மரத்து இலை என்று கேட்குமா? பிறகு வந்தது முதல் உலகப் போர். எங்கள் ஊர் நடுவில் ஒரு கல் நிற்கிறது, இவ்வளவு சின்ன ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்களோடு. ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை.

கோடையில் இந்த அமைதிக்காகவே நகரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மாடியில் புழுக்கள் மழையாய்ச் சத்தம் போட்ட ஊரை, காலங்காலமாய் இப்படியே தூங்கிக் கிடந்த கிராமம் என்று நானும்தான் முதல் வாரம் நினைத்தேன். அங்கே லியோனிலோ தறி நின்ற அந்த உயரக் கூரை வீடுகளுக்கு இன்று ஏகப்பட்ட விலை. கனூவின் பேரன் அதில் குடியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

வாசலில் ஒரே ஒரு மல்பெரி மிச்சம். நம்மூரில் முசுக்கொட்டை என்போமே, அதுதான். இப்போது பழுத்து உதிர்கிறது, என் செருப்பெல்லாம் ஊதா. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மருமகன் அதன்மேல் கண் வைத்திருந்தான். புழுக் கதை கேட்ட பிறகு பேச்சைக் காணோம்.

ஒரு வேலை செய். உங்கள் வீட்டுப் பரணில் அப்பா காலத்து அட்டைக்கட்டு இன்னும் இருக்கிறதா பார். மாங்காய் பார்டர் போட்டது, நினைவிருக்கும். இருந்தால் படம் எடுத்து உன் பையனை விட்டு அனுப்பச் சொல். லியோனில் தறி ஓட்டிக் காட்டிய பெரியவரிடம் காஞ்சிபுரத்து அட்டையைக் காட்டுவதாக வாய் கொடுத்துவிட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் வந்துவிடுவேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். வரும்போது செஸ்ட்நட் ஜாம் கொண்டுவருகிறேன், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திரு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்