விலை கேட்டால் எடைச்சீட்டு கேட்கிறோமே, ஏன்?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சேற்றில் சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி வெளியே இழுக்க, வண்டியின் முன்னால் மாட்டும் மோட்டார் கருவிதான் வின்ச்; அந்தக் கயிறு டிரம் என்ற உருளையில் சுற்றியிருக்கும். "வின்ச் என்ன விலைங்க?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், விலை வருவதற்கு முன்னால் "வண்டியை லோடோடு எடைமேடையில் ஏற்றி, அந்தச் சீட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள்" என்று பதில் வருகிறதே என நிறையப் பேருக்கு எங்கள்மேல் வருத்தம். ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார்: "நான் வின்ச் வாங்க வந்தேனா, பழைய இரும்பு போட வந்தேனா?" கடையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் கேள்வி நியாயமானதுதான். தென்மேற்கு மழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. வால்பாறை, கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்காரர்களும், சனி ஞாயிறு வண்டி எடுத்துக்கொண்டு மலையேறுகிறவர்களும் கடைப்பக்கம் வரத் தொடங்கும் நேரம் இது. அதற்குள் விளக்கிவிடலாம் என்று இந்த மடல்.

இந்தச் சீட்டுப் பழக்கம் எங்கள் தவறு ஒன்றிலிருந்து வந்தது. சில வருடங்களுக்கு முன் வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் பிக்கப்புக்கு 9,500 பவுண்ட் வின்ச் மாட்டிக் கொடுத்தோம். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி. ஆடி மாத மழையில் ஒரு நாள் மதியம் போன் வந்தது. "அண்ணா, ஆக்ஸில் வரைக்கும் சேத்துல இறங்கிருச்சுங்க. வின்ச் சுவிட்சை அழுத்துனா டக்குனு ஒரு சத்தம் வருது, ஹெட்லைட் மங்குது, டிரம் அசையவே மாட்டேங்குது. பேட்டரி செத்துருச்சு போல." பின்னால் உரமூட்டை, உள்ளே நான்கு ஆள். எல்லாம் சேர்த்து இரண்டரை டன் இருக்கும். கயிறு எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். எதிரிலேயே ஆறு மீட்டரில் நல்ல பருமனான சில்வர் ஓக் மரம், அதில்தான் என்றார். கோளாறு அங்கேதான் இருந்தது. பேட்டரி பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

பெட்டியில் அச்சடித்திருக்கும் 9,500 பவுண்ட், அதாவது 4,300 கிலோ, டிரம்மில் ஒரே ஒரு அடுக்குக் கயிறு மிச்சமிருக்கும்போது மட்டும் கிடைக்கும் இழுவை. கயிறு ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றச் சுற்ற டிரம்மின் விட்டம் பெரிதாகிறது. கைப்பிடியைச் சுற்றி, கயிற்றை உருளையில் சுருட்டிக் குடத்தை ஏற்றும் கிணற்றில் அந்த உருளையை இரண்டு மடங்கு பருமனாக்கினால் குடத்தை இழுக்கத் தோள் எவ்வளவு கடுக்குமோ, அதே கதைதான் மோட்டாருக்கும். அடுக்குக்கு அடுக்கு பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை இழுவை குறையும். 28 மீட்டர் இரும்புக் கயிறு போட்ட வின்ச்சில் அடி அடுக்கில் ஆறு மீட்டர் சொச்சம்தான் அடங்கும். மீதியெல்லாம் அதன்மேல் மூன்று அடுக்காக உட்காரும். ஆறு மீட்டர் மட்டும் கழற்றி மரத்தில் கட்டினால் நான்காவது அடுக்கிலிருந்தே இழுக்கிறோம் என்று அர்த்தம். அங்கே கையில் இருப்பது ஏறக்குறைய 2,700 கிலோ.

அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது எவ்வளவு? அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேடுகளில் ஒரு கணக்கு உண்டு. சேறு சக்கரத்தின் நடு வரை இருந்தால் வண்டியின் மொத்த எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரை போய்விட்டால் இரண்டு மடங்கு. ஏற்றம் இருந்தால் அது தனி. இரண்டரை டன் வண்டி, ஆக்ஸில் வரை சேறு, கொஞ்சம் ஏற்றம்: மூன்று டன்னை ஒட்டி வந்துவிடுகிறது. இருந்தது 2,700. முந்நூறு கிலோ பற்றாமல்தான் வண்டி நின்றது.

பக்கத்து மரத்தை விட்டுவிட்டு, இருபது மீட்டருக்கு மேல் தள்ளி நேர்கோட்டில் இன்னொரு மரம் இருந்தால் அதில் கட்டுங்கள், மூட்டையை எல்லாம் இறக்குங்கள், டிரம்மில் ஐந்து சுற்றாவது மிச்சம் வையுங்கள் என்றேன். அரை மணி நேரம் கழித்துப் போன் வந்தது. வண்டி வெளியே வந்துவிட்டது, மழையில் நனைந்ததுதான் மிச்சம் என்றார். வின்ச்சை விற்ற அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்.

அன்றிலிருந்துதான் எடைச்சீட்டு. எவ்வளவு இழுவை வேண்டும் என்ற கணக்கே லோடோடு இருக்கும் எடையிலிருந்துதானே தொடங்குகிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வெற்று வண்டி எடை இதற்கு உதவாது. டீசல் நிரம்பி, கேரியரும் கூடாரமும் ஏறி, ஆட்களும் உட்கார்ந்து, மழைநாளில் நீங்கள் எப்படிப் போவீர்களோ அப்படியே எடை போட வேண்டும். அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்கி, பவுண்டுக்கு மாற்றி, கடையில் இருப்பதில் அதற்கு அடுத்த பெரிய வின்ச்சைத்தான் சொல்வோம். லோடோடு ஒன்றரை டன் வரும் மாருதி ஜிம்னிக்குக் கணக்குப்படி 5,000 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே; 8,000 எடுத்தால் தாராளம். இரண்டேகால் டன் வரும் மஹிந்திரா 'தார்' ஜீப்புக்கு 7,500-ஐ ஒட்டி வரும்; 9,500 போதும். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் சாமான் ஏற்றி மூன்று டன்னைத் தொடுகிறவர்களுக்கு 12,000-க்குக் கீழே நாங்கள் தர மாட்டோம்.

"அப்போ எல்லாருக்கும் பன்னிரண்டாயிரத்தையே கொடுத்துடலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. ஜிம்னி மூக்கில் நாற்பது கிலோ இரும்பைத் தொங்கவிட்டால் முன் ஸ்பிரிங் இறங்கும், பிரேக் அடிக்கும்போது மூக்கு குத்தும். எடையால் வண்டியே முதலில் புதையும் என்றால் அந்த வின்ச் எதற்கு?

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 முதல் கோவாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சரசரவென்று கயிறு சுற்றும் வின்ச்தான் வேண்டும் என்று வருகிறார்கள். போட்டிக்காரருக்கு நொடி முக்கியம். அமெரிக்காவின் வார்ன் கம்பெனி 1974-இல் கொண்டுவந்த 8274 என்ற மாடலுக்கு இன்றைக்கும் ரசிகர்கள் இருப்பது அந்த வேகத்துக்காகத்தான். பெயரிலேயே 8,000 பவுண்டும் 74-ஆம் வருடமும் இருக்கின்றன. அதன் கியர் விகிதம் 134-க்கு 1, அதாவது மோட்டார் 134 சுற்று சுற்றினால் டிரம் ஒரு சுற்று சுற்றும். அதே கம்பெனியின் எம்8000 மாடலில் 216-க்கு 1. ஆமை மாதிரி நகரும், ஆனால் குறைந்த கரண்டில் இழுக்கும். எஸ்டேட் வேலைக்கு என் ஓட்டு ஆமைக்கே. சறுக்கலில் வண்டி மெதுவாக வந்தால்தான் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

அடுத்தது கயிறு. கடையில் அதிக நேரம் வாதம் நடப்பது இதைப் பற்றித்தான். இரும்புக் கயிறா, சிந்தெடிக் கயிறா?

சிந்தெடிக் கயிறு லேசானது, தண்ணீரில் மிதக்கும், கையில் சிலாம்பு ஏறாது. அறுந்தால் இரும்பு மாதிரிச் சாட்டையாய் வீசாது. இது ஒன்றுக்காகவே குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறோம். ஆனால் அதற்கு மூன்று எதிரி: வெயில், மணல், சூடு. வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்தால் இழை மக்கும். சேற்றோடு உள்ளே போகும் பொடி மணல் ஒவ்வொரு இழுப்பிலும் இழையை உள்ளிருந்தே ராவிக்கொண்டிருக்கும். மலையிலிருந்து இறங்கியதும் ஒரு வாளித் தண்ணீரில் அலசிவிட வேண்டும். சூடு யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வருகிறது. பெரும்பாலான வின்ச்களில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. சரிவில் வண்டியைத் தொங்கவிட்டபடி கயிற்றை விட்டு விட்டு இறக்கினால் பிரேக் காய்ந்து, டிரம் காய்ந்து, அதை ஒட்டிய முதல் அடுக்குக் கயிறு வேகும். 145 டிகிரி வாக்கில் இந்த இழை உருகிவிடும். அதற்கு வெகு முன்பே, 70 டிகிரி தாண்டினாலே வலு இறங்கத் தொடங்கும். மேலே பார்த்தால் கயிறு புதிதாகத்தான் தெரியும். ஒரு தடவை முழுதும் கழற்றிப் பார்த்தபோது கடைசி ஐந்தாறு சுற்று கண்ணாடிபோல் பளபளவென்று விறைத்துக் கிடந்தது. விரலால் மடக்கினேன், வாழைநார் காய்ந்தது மாதிரி நொறுங்கியது.

எஸ்டேட்காரர்களுக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன். வண்டி வருடம் முழுக்க வெளியில் நிற்கும், பத்து டிரைவர் ஓட்டுவார்கள், கயிற்றை அலசச் சொன்னால் யாரும் அலசப்போவதில்லை. கனமான தோல் கையுறை கட்டாயம். கயிறு இறுகியதும் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள். அறுந்தாலும் அந்தக் கனம் கயிற்றைத் தரைக்கு இழுத்துவிடும். இறுகிய கயிற்றை ஒருவரும் தாண்டக் கூடாது. இரும்பிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறுகிறவர்கள் கயிறு வெளியே வரும் வாயில் இருக்கும் பழைய ரோலரை அப்படியே விடாதீர்கள். இரும்புக் கயிறு அதில் கீறி வைத்த பள்ளம் புதுக் கயிற்றைக் கத்திபோல் அறுக்கும். வழவழப்பான அலுமினிய முகப்பு ஒன்று மாட்டித்தான் கொடுப்போம். டிரம்மில் மிச்சம் விடும் சுற்றும் மாறும்: இரும்புக்கு ஐந்து, சிந்தெடிக் வழுக்கும் என்பதால் பத்து.

கரண்டுக்கு வருவோம். முழு இழுவையில் 9,500 பவுண்ட் வின்ச் 400 ஆம்பியர் வரை குடிக்கும். இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் உங்கள் ஆல்டர்னேட்டர் தருவது அதில் கால் பங்கு. மீதி பேட்டரியிலிருந்து போகிறது. அதனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நிமிடம் இழுத்தால் இரண்டு மூன்று நிமிடம் மோட்டாருக்கு ஓய்வு. மோட்டார் உறையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள். வயரிங்கில் நாங்கள் மறுபடி மறுபடி பார்க்கும் தப்பு ஒன்று: வெளியில் மாட்டி வருகிறவற்றில் கறுப்பு வயரைப் பக்கத்தில் இருக்கும் சேஸிஸ் போல்ட்டில் கட்டியிருப்பார்கள். பெயின்ட் மேலேயே கட்டியிருப்பார்கள்! அது நேராக பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே வர வேண்டும். சிவப்பு வயரில் கையால் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் இல்லாமல் எங்கள் பட்டறையிலிருந்து வண்டி வெளியே போகாது.

எங்கே மாட்டுவது என்பதில் எங்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். முன்னால் பெரிய இரும்பு பம்பர் போட்டு அதில் வின்ச் வைத்துத் தரச் சொல்கிறார்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் போட்ட வண்டிகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரித்த கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கம்பெனி பம்பருக்குப் பின்னால், சேஸிஸில் போல்ட் போட்ட தகட்டில் வின்ச்சை மறைவாக உட்கார வைப்பதைத்தான் நாங்கள் செய்கிறோம். அதற்கும் உங்கள் இன்சூரன்ஸ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் நல்லது.

வின்ச்சோடு ஒரு பையும் தருகிறோம். அது வேண்டாம், விலையைக் குறை என்றால் குறைக்க மாட்டோம். அதில் மரத்தில் சுற்றும் அகலப் பட்டை, பட்டையையும் கொக்கியையும் இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிள் இரண்டு, ஒரு ஸ்னாட்ச் பிளாக், கையுறை இருக்கும். கயிற்றையே மரத்தைச் சுற்றி அதன் கொக்கியை அதிலேயே மாட்டினால் மரப்பட்டையும் உரியும், கயிறும் நசுங்கும். ஸ்னாட்ச் பிளாக் என்பது ஒரு கப்பிதான். கயிற்றை அதன் வழியே கொண்டுபோய்த் திரும்ப வண்டிக்கே கொண்டுவந்து மாட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும், மோட்டாருக்கும் சுமை குறையும். வால்பாறையில் அன்றைக்கு அது இருந்திருந்தால் அந்த ஆறு மீட்டர் மரமே போதும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் காட்டில் கண்ணுக்கெட்டிய வரை மரமே இருக்காது. அங்கே ஸ்டெப்னியை ஆழக் குழி வெட்டி நிற்க வைத்துப் புதைத்து, அதில் கட்டி இழுக்கலாம். கரிசலில் நனைந்த குழி வெட்டியவருக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும், அதனால் மண்வெட்டி ஒன்றையும் மறக்காதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, நமக்கு வின்ச் தேவைதானா என்று தோன்றினால் அதுவும் சரியான கேள்விதான். எப்போதும் இரண்டு மூன்று வண்டி சேர்ந்தே போகிறவர்களுக்கு ஒரு நல்ல இழுவைக் கயிறு, சக்கரத்துக்கு அடியில் செருகும் பலகை இரண்டு, மண்வெட்டி, டயர் காற்றைக் குறைக்க ஒரு கேஜ் இவையே பத்துக்கு ஒன்பது இடத்தில் போதும். போன வருடம் இப்படிச் சொல்லி நான்கைந்து பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். தனி வண்டியாகப் போகிறவர்களுக்கும், தினம் அதே சேற்றில் ஏறி இறங்க வேண்டியவர்களுக்கும்தான் வின்ச்.

ஏற்கெனவே எங்களிடம் வாங்கியவர்கள் மழைக்கு முன் ஒரு தடவை வண்டியைக் கொண்டுவாருங்கள். கயிற்றை முழுதும் கழற்றி, அடி அடுக்கைப் பார்த்து, வயர் முனைகளைச் சுத்தம் செய்து, கொஞ்சம் இழுவை கொடுத்து இறுக்கமாகச் சுற்றித் தருகிறோம். இதற்குக் கூலி கிடையாது. காலையில் வந்தால் மதியத்துக்குள் முடிந்துவிடும். வரும் வழியில் எடைமேடை கண்ணில் பட்டால் ஒரு சீட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள். வாங்கின நாளுக்குப் பிறகு மேலே கேரியர், பின்னால் பெட்டி என்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து,
கோயம்புத்தூர்