ஃபெடே அல்வாரெஸுக்கு ஒரு திறந்த மடல்: ஆண்டி இருக்கும்போது ரூக் எதற்கு?

அன்புள்ள ஃபெடே அல்வாரெஸ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் இயக்கிய ‘ஏலியன்: ரோமுலஸ்’ படத்தைத் தியேட்டரில் பார்த்து, பிறகு வீட்டிலும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பிடித்ததா என்றால், பிடித்தது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

ரிட்லி ஸ்காட்டின் 1979 படமான ‘ஏலியன்’ஐ, ஆளைக் கொல்லும் அந்த வேற்றுக்கிரக ஜந்துவுக்காகப் பார்க்கத் தொடங்கி, அதில் வரும் சம்பளத் தகராறுக்காக ரசிகனானவன் நான். நாஸ்ட்ரோமோ கப்பலில் தூக்கம் கலைந்து எழுந்ததும் பார்க்கரும் பிரெட்டும் என்ன பேசுகிறார்கள்? போனஸில் தங்கள் பங்கைப் பற்றி. விண்வெளி வீரர்கள் இல்லை அவர்கள், சரக்கு லாரி ஓட்டுகிறவர்கள். பாதி வழியில் கம்பெனி கப்பலைத் திருப்பிவிடுகிறது; போகமாட்டேன் என்றால் பங்கு போய்விடும். கடைசியில் பார்த்தால் 937 என்ற எண்ணில் ஓர் ஆணை: உயிரினம் பத்திரமாக வந்து சேரவேண்டும், ஆட்கள் போனால் போகட்டும். முட்டையும் அமில ரத்தமும் அப்புறம்தான்.

இதை நீங்கள் புரிந்துகொண்டவர் என்று முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. வெயிலே படாத ஜாக்சன்ஸ் ஸ்டார் சுரங்கக் குடியிருப்பு. ஒப்பந்த நேரத்தை முடித்துவிட்டோம், இனி வேறு கிரகத்துக்குப் போகலாம் என்று ஆசையோடு கவுன்டருக்கு வருகிறாள் கதாநாயகி ரெயின். ஆள் பற்றாக்குறை, அதனால் உழைக்கவேண்டிய மணிநேரத்தைக் கூட்டிவிட்டோம் என்று பதில் வருகிறது. இன்னும் ஐந்தாறு வருடம், அதுவும் சுரங்கத்தில். யாரும் குரலை உயர்த்துவதில்லை. கணினியில் ஓர் எண் மாறுகிறது, கூடவே கம்பெனியின் நன்றி. படத்தில் என்னை அதிகம் பயமுறுத்திய இடம் இதுதான்.

அப்புறம் ஆண்டி. டேவிட் ஜான்ஸன் என்ற நடிகரைக் கண்டெடுத்ததற்கே உங்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுதலாம். குப்பையிலிருந்து மீட்கப்பட்ட பழைய ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ ரோபோ; பேச்சுத் திக்கும், அறுவை ஜோக் சொல்லும், ரெயினுக்கு எது நல்லதோ அதை மட்டும் செய்யும். ரெயினும் நண்பர்களும் தப்பிக்கும் முயற்சியில் போய்ச் சேரும் விண்நிலையத்தில் ரூக் என்று இன்னொரு ஆண்ட்ராய்டு கிடக்கிறது; அதன் சில்லை ஆண்டியின் கழுத்தில் செருகியதும் முதுகு நிமிர்கிறது, திக்கல் போகிறது, பார்வையில் கனிவு வடிந்துவிடுகிறது. அதே முகம், அதே சட்டை. இப்போது அவனுக்கு முக்கியம் கம்பெனியின் நலன். ரெயினின் தோழி, கர்ப்பிணியான கே, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சுகிறாள். இவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, திறக்கவில்லை. ஆளைக் கம்பெனி எப்படி விலைக்கு வாங்கும் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

ஈர்ப்பு விசையை நிறுத்திவிட்டுச் சுடும் காட்சியையும் சொல்லாமல் விடமுடியாது. ஜந்துவின் ரத்தம் தரையை அரித்துத் தளம் தளமாக இறங்கும், அதனால் கப்பலுக்குள் சுடக்கூடாது. 1979 முதல் எங்களுக்கெல்லாம் மனப்பாடமான விதி இது. இறங்குவதற்குக் ‘கீழே’ என்று ஒன்று இருந்தால்தானே? அமிலம் அந்தரத்தில் மஞ்சள் இழைகளாகச் சுழல, அவற்றுக்கு நடுவே உடம்பை ஒடுக்கி ரெயின் மிதந்து போகிறாள். பழைய விதியை மீறாமலே புதிய ஆபத்து ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். இவ்வளவு வருடம் இது எப்படி யாருக்கும் தோன்றாமல் போனது!

இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, அந்த ரூக் எதற்கு?

2020இல் மறைந்த நடிகர் இயன் ஹோமின் முகத்தை ரூக்குக்காக, பொம்மையும் கணினியும் சேர்த்து மறுபடி உயிர்ப்பித்தீர்கள். குடும்பத்தின் சம்மதம் வாங்கித்தான் செய்தீர்கள், அதில் குறையில்லை. முகம் ஒட்டவில்லை என்று பலரும் சொன்னார்கள். நேரம் போதவில்லை என்று நீங்களும் ஒப்புக்கொண்டு, வீட்டில் பார்க்கும் பதிப்புக்காகத் திருத்தினீர்கள். திருத்தியதைப் பார்த்தேன், முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் என் வருத்தம் வேலைப்பாட்டில் இல்லை. 1979 படத்தில் ஹோம் நடித்த ஆஷ் மனிதன் இல்லை, ஆண்ட்ராய்டு என்று தெரிவதற்கு முன்னால், அவர் நின்ற இடத்திலேயே குதித்துக் கைகாலை உதறிக்கொள்ளும் ஒரு காட்சி வரும். ஏன் என்று சொல்லமாட்டார்கள். பிற்பாடு நினைத்துப் பார்த்தால்தான் சில்லிடும். அந்தக் கதாபாத்திரத்தை ஹோம் உண்டாக்கியது அப்படித்தான், உடம்பால். நீங்கள் எடுத்துக்கொண்டதோ முகத்தை மட்டும். கீழ்ப்பாதியே இல்லாத ஓர் உடலில் பொருத்தி, கதை விளக்கம் சொல்ல வைத்தீர்கள். உயிரோடு இருக்கும் ஒரு நடிகரிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் கதையில் ஓர் ஓட்டையும் விழுந்திருக்காது.

ஜேம்ஸ் கேமரூன் எடுத்த ‘ஏலியன்ஸ்’ படத்தில், கதாநாயகி ரிப்ளி ஜந்துக்களின் ராணியைப் பார்த்து ‘அவளை விட்டு விலகு’ என்று திட்டிச் சொல்லும் அந்த வசனமும் அப்படித்தான். ஆண்டி அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது தியேட்டரில் விசில் பறந்தது, நானும் சிரித்தேன். கதைக் கணக்குப்படி உங்கள் படம் நடப்பது 2142இல். ரிப்ளி அதைச் சொல்ல இன்னும் 37 வருடம் இருக்கிறது. அந்த நொடியில் பேசியது ஆண்டி இல்லை. எங்களைக் குஷிப்படுத்த நீங்கள் பேசினீர்கள். எங்களுக்கு அது தேவைப்படும் என்று நினைத்தீர்களே, அதுதான் உறுத்துகிறது.

கடைசியில் வரும், பாதி மனிதனும் பாதி ஜந்துவுமான அந்தப் பிறவி பற்றி எனக்கே இரண்டு மனம். 1997இல் வந்த ‘ஏலியன்: ரெசரெக்‌ஷன்’ படத்தின் முடிவை நினைவூட்டுகிறது என்பது உண்மை. ஆனாலும் ராபர்ட் போப்ரோட்ஸ்கி என்ற மிக நெடிய கூடைப்பந்து வீரரை நிஜமாகவே நிற்கவைத்து எடுத்தீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. 1979இல் பொலாஜி படேஜோ என்ற நெடிய மனிதரை ஜந்துவின் உடைக்குள் நிறுத்தியதும் இதே யோசனைதான். அந்தப் பிறவி சிரிக்கும்போது என் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த பாகம் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. யார் எடுத்தாலும் சரி, ஜாக்சன்ஸ் ஸ்டாரை மறந்துவிடவேண்டாம். ரெயின் தப்பித்துவிட்டாள், அந்தக் கவுன்டர் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், மணிநேரம் ஏறிக்கொண்டே போகிறது. அங்கே ஒரு முட்டை வந்து சேர்ந்தால் கம்பெனி என்ன ஆணை போடும், யார் கதவை யார் திறப்பார்கள்? இதைக் காட்டுங்கள். பழைய முகமோ பழைய வசனமோ ஒன்றும் வேண்டாம். முதல் நாளே டிக்கெட் எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
ஒரு பழைய ரசிகன்