சேகரத்துக்குப் போகிற மகனுக்கு

மக்களே,

கர்த்தருக்குள் வாழ்த்துக்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படிப்பு முடிந்து, குலசேகரம் பக்கம் ஒரு சேகரத்தில் போதகராக உன்னைப் போடுகிறார்கள் என்று நீ போனில் சொன்ன அன்றே அம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் போனில் வராது, அதனால் எழுதுகிறேன். நான் வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்பதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. நல்ல பிரசங்கம் என்றால் விழித்திருப்பேன், மற்றதுக்கு ஃபேன் சுற்றுவதைப் பார்ப்பேன்.

கேட்டதிலேயே மனசில் நிலைத்தது 2017 டிசம்பர் 3 அன்று கேட்டது. வியாழக்கிழமை ஒக்கிப் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. கிறிஸ்மஸுக்கு முன் வரும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. கரண்ட் இல்லை, மைக் இல்லை. தோட்டம் தோட்டமாக ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று கடற்கரை ஊர்களிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. அப்போது நம்ம சபையில் இருந்த போதகர் வெள்ளியும் சனியும் வெட்டுகத்தியோடு, பாதையில் விழுந்த மரத்தை அறுக்கிற பையன்களோடு நின்றார். ஞாயிறன்று நோட்டே கொண்டுவரவில்லை. 46-ஆம் சங்கீதத்தை வாசித்தார். கடவுள் ஏன் புயலை அனுப்பினார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் வீட்டு ஓடு பறந்தது, யாருடைய பாங்குக் கடன் ரப்பரோடு சாய்ந்தது, எந்தக் கிழவி கிணற்றில் கிளை விழுந்து தண்ணீர் இல்லாமல் இருக்கிறாள், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பெயர் சொல்லாமல் அத்தனையையும் ஜெபத்தில் வைத்தார். சத்தம் போடாமலே கடைசி பெஞ்சு வரை கேட்டது. அதே வாரம் இன்னொருவர், இது குமரி மாவட்டத்தின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று வீடியோ போட்டார். அவருக்கு நல்ல குரல்.

எசேக்கியேல் மூன்றாம் அதிகாரம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேபார் நதிக்கரையில் சிறைப்பட்டுக் கிடந்தவர்கள் நடுவே அந்தத் தீர்க்கதரிசி ஏழு நாள் சும்மா உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகுதான் கர்த்தருடைய வார்த்தை அவனுக்கு வந்தது. நீ அங்கே போனதும் செய்ய வேண்டியது அந்த ஏழு நாள்தான், உன் விஷயத்தில் ஏழு மாசம் ஆனாலும் சரி. அங்கே ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம் வைத்துவிட்டு, ஜனங்கள் தூங்குகிறார்கள், ஆவிக்குரிய தாகம் இல்லை என்று பிரசங்க பீடத்தில் ஏசாதே. வேலை முடிந்து அவர்கள் வீட்டில் இருக்கிற நேரத்தைக் கேட்டுவைத்துப் போ. கட்டஞ்சாயா தந்தால் குடி.

காலம் மாறிவிட்டது, பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை என்று சேகரக் கூட்டத்துக்குக் கூட்டம் பாட்டுப் பாடுகிறார்கள். எனக்கு இந்தப் புலம்பல் பிடிக்காது. ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனெரி தரங்கம்பாடியில் தமிழ் படித்துவிட்டு 1806-இல் மயிலாடிக்கு வந்தார், 1809-இல் அங்கே ஆலயம் கட்டினார். அவருக்குப் பின்னால் மீட் என்ற மிஷனெரி வந்து அச்சகமும் பள்ளிக்கூடமும் வைத்தார். 1859-இல் தோள்சீலை விஷயத்தில் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து அறிவிப்பு வெளியிடும் வரைக்கும், மேலுடம்பை மூடியதற்காக நம்ம பாட்டிமார் அடிபட்டார்கள். இந்தச் சபை உண்டானதே ஊர் வழக்கத்தை மாற்றித்தான். அப்படியிருக்க, ஒரு பிள்ளை எழுந்து, "கோயிலில் எல்லாரும் சமம் என்கிறீர்கள், கல்யாணத்துக்கு மட்டும் ஏன் சாதி பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், அதைக் கலாச்சாரச் சீர்கேடு என்று தள்ள முடியுமா? அந்தக் கேள்வியை வைத்து ஒரு ஞாயிறு பேசு. முதல் வரிசையில் இருப்பவர்களுக்குக் கசக்கும். கசக்கட்டும்.

உண்மையில் மாறியது வேறு. குவைத்திலும் லண்டனிலும் நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகளின் பணத்தில் கட்டிய மாடி வீட்டில், கீழே ஒரு அறையில் மட்டும் லைட் எரியும். உள்ளே எழுபது, எண்பது வயதில் ஒருத்தர். அவர்களுக்குப் பிரசங்கத்துக்குப் பஞ்சமில்லை, போனில் ராத்திரி பகலாகக் கேட்கிறார்கள், உன்னைவிட நன்றாகப் பேசுகிறவர்களைத்தான் கேட்கிறார்கள். இப்போது கேட்டால் போனே பிரசங்கம் எழுதித் தருமாம். ஆனால் மாத்திரைச் சீட்டை வாசித்துச் சொல்லவும், பென்ஷன் ஃபாரத்தில் எங்கே கையெழுத்து என்று காட்டவும், கையைப் பிடித்து ஜெபிக்கவும் நேரில் ஒரு ஆள் வேண்டும். அப்படி நான்கு வீடு போய்வந்த போதகர் ஞாயிற்றுக்கிழமை தனிமையைப் பற்றிப் பேசினால் எங்களுக்குத் தெரியும். போகாதவர் பேசினாலும் தெரியும்.

நம்ம கோயில் ஸ்பீக்கர் நம்ம ஜனத்துக்கு மட்டும் கேட்பதில்லை. கோயிலுக்குப் பக்கத்திலேயே இந்துக்கள் வீடும் முஸ்லிம்கள் வீடும் இருக்கிற மாவட்டம் இது. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வீட்டுக்காரன் கும்பிடுகிற சாமியைக் கேலி செய்து கைதட்டு வாங்குவது சுலபம். பவுல் அத்தேனேயில் ஊரைச் சுற்றி நடந்து, அவர்கள் கட்டியிருந்த பலிபீடத்தின் எழுத்தை வாசித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். முடிந்தால் குழாய் ஸ்பீக்கரை இறக்கிவிட்டு உள்ளே மட்டும் பெட்டி ஸ்பீக்கர் வைக்கச் சொல். கமிட்டி சண்டைக்கு வரும்.

கமிட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. சபைத் தேர்தல் வந்தால் இரண்டு அணியும் உன்னைத் தேடி வரும். இரண்டு வீட்டிலும் சாப்பிடு, ஒருத்தர் காரிலும் ஏறாதே. காணிக்கைக் கணக்கை மாதாமாதம் போர்டில் ஒட்டச் சொல். அதைவிடப் பெரிய தலைமைத்துவம் எதுவும் எனக்குத் தெரியாது. பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் பின்வரிசையில் இருக்கிறவர்கள் மத்தியானக் குழம்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள், அதில் நானும் ஒருத்தன்.

வெள்ளை அங்கிக்கு மார்த்தாண்டத்துத் தையல்காரர் அளவு கேட்கிறார். தோளும் உயரமும் அளந்து வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பு. இடுப்பில் கொஞ்சம் தளர்வாகவே வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் போகிற வீட்டிலெல்லாம் மரச்சீனியும் மீனும் வைத்துச் சாப்பிடாமல் விடமாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா